படகுப் பெரியப்பா

ஜூலை 18

அன்புள்ள பலுபி அக்காவுக்கு,

சலாம். நானும் கினாசியும் இறைவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். செமாராங் புழுதி உன் மூக்கை என்ன செய்கிறது? இஞ்சி போட்டுக் குடிக்கிறாயா, இல்லை வேலை வேலை என்று அதையும் மறந்துவிட்டாயா?

இங்கே தீவில் போன மேற்குக் காற்றில் சாய்ந்த கைபேசிக் கோபுரத்தை இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை. கைபேசி எங்களுக்கு டார்ச் விளக்காகிவிட்டது. அதனால்தான் காகிதம். பள்ளி டேப்லெட்டுகளின் மெமரி கார்டுகளை மாதம் ஒருமுறை உங்கள் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் அல்லவா, அந்தப் பையிலேயே இதையும் போட்டுக்கொள்ளலாம் என்று ஹெஸ்தி டீச்சர் சொன்னார். மர்வான் அண்ணன் படகில் ஜெபாரா வந்து, அங்கிருந்து உன் மேசைக்கே வந்துவிடுமாம்.

ஆமாம், நீ செய்த படகு விளையாட்டு கினாவின் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது! டேப்லெட்டுகளை இறக்கிக் கொடுத்துவிட்டு மர்வான் அண்ணன் வகுப்பு ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏம்மா வெனிங், நாங்க சின்னப்புள்ளையா இருக்கறப்ப படகு படகுன்னு விளையாண்டா முதுகுல விழும். இப்ப டீச்சரே உக்காரவச்சு விளையாடச் சொல்றாங்க. தப்பான காலத்துல பொறந்துட்டேன் பாரு" என்றார். கினாவோ வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான், "அம்மா, அது நெஜமாவே பெரியம்மா செஞ்சதா?" என்று கேட்டாள்.

உனக்கு ஒரு பெருமை சொல்ல வேண்டும். நேற்று மர்வான் அண்ணன் வீட்டில் பொரித்த வாழைப்பழத்தை நீட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் பாய்ந்தன. கினா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "வேணாம் பெரியம்மா" என்றாள். மறுபடி நீட்டினார்கள், மறுபடியும் வேண்டாம். மூன்றாவது முறை வற்புறுத்தியதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "புள்ளைய வளத்தா இப்பிடி வளக்கணும்" என்று மர்வான் அண்ணன் மனைவி முர்னி அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நம் அம்மா இருந்திருந்தால் நெட்டி முறித்திருப்பாள்.

ஆனாலும் பயமாக இருக்கிறது அக்கா. காரணமில்லாமல்தான். இருட்டிய பிறகு உட்கார்ந்து எழுதினால் எல்லாமே பயமாகத்தான் தெரிகிறது.

உன் தங்கை,
வெனிங்

ஆகஸ்ட் 9

என் வெனிங்குக்கு,

உன் கடிதம் உப்பு வாசனையோடு வந்தது. எனக்கு இருமல் இல்லை, தூக்கம்தான் இல்லை. உனக்கு இடுப்பு வலி விட்டதா?

கினா விளையாடுவது நான் வரைந்த படகு என்று நினைத்தால் இங்கே யாருக்காவது இனிப்பு கொடுக்கத் தோன்றுகிறது. உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். பிள்ளை ஒரு படகில் தீவு தீவாகப் போகிறது. மீன் விற்கிறது, தேங்காய் வாங்குகிறது, கூட்டிக் கழித்துப் பாக்கி கொடுக்கிறது. கணக்கு உதைத்தால் பக்கத்துப் படகிலிருந்து ஒரு பெரியப்பா, "கை கொடுக்கட்டுமா, புள்ள?" என்பார். 'சரி'யைத் தொட்டால் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பார். 'வேண்டாம்' என்றால், இவளுக்கே தெரிகிறது என்று அடுத்ததைக் கொஞ்சம் கடினமாக்குவோம். ஒவ்வொரு தீவிலும் ஒரு கூடை ரம்புட்டான் பழம் நீட்டுவார். அதுதான் மதிப்பெண்.

அவர் குரலுக்கு நம் தெருவில் சைக்கிளில் சோயாக் கட்டி விற்றவரை நினைத்துக்கொண்டேன். முதலில் நிறையப் பேசுவார். இங்கே பிள்ளைகளை வைத்துச் சோதித்தபோது, "இந்தத் தாத்தா சொன்னதையே சொல்றாரு, போர்" என்று ஒரு வாண்டு கொட்டாவி விட்டது. உடனே அவர் வாயைப் பாதியாகக் குறைத்தேன். இப்போது எதையும் ஒருமுறைதான் கேட்பார், சுருக்கமான மனிதர்.

உன் வீட்டுக்காரர் சுகெங் கணவாய் மீன் படகிலிருந்து திரும்பிவிட்டாரா? இந்த முறை எவ்வளவு நாள் வீட்டில் இருப்பார்?

நீ பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் ஒரு வாரம் வந்து உன்னோடு இருக்கட்டுமா?

முத்தங்களுடன்,
பலுபி

செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இடுப்பு பரவாயில்லை. நீ தூங்கு முதலில்.

வர வேண்டாம் அக்கா. உனக்கு ஆயிரம் வேலை. இங்கே படகு ஆடுகிற ஆட்டத்துக்கு உன் வயிறு தாங்காது. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

கினாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். வகுப்பில் ஒரு நீல அட்டை ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதப் படகு. விளையாட்டில் சேர்க்கும் ரம்புட்டானுக்கு ஏற்ப முன்னே நகர்த்துவார்கள். எல்லாப் படகும் நடுக்கடலைத் தாண்டிவிட்டது. கினாவின் படகு கரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டீச்சரிடம் கேட்டேன். "நானும் பாத்துட்டேன்மா. நோட்டுல கணக்குப் போட்டா சரியா போடுறா. டேப்லெட் கைக்கு வந்தா என்னவோ ஆயிடுது. பழம் ஒண்ணுகூட கூடையில விழல" என்றார்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. இந்த மர்வான் மவன் இருக்கானே, எட்டும் ஏழும் தெரியாது, அவன் கூடை வழியுது!"

சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தபோது, தண்ணீரோடு அரிசியையும் கொட்டியிருக்கிறேன்.

ஒருநாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, பெரியவர் முன்னால் உட்காருவது போல உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் திரை பளீரென்று பச்சையாக இருக்கிறது. இவள் படகு மட்டும் ஏதோ கறுத்த கடலில், தனியாக. அந்தக் கடலையும் நீதான் வரைந்தாயா அக்கா? ஏன் அவ்வளவு கறுப்பு?

பதில் போடு.
வெனிங்

அக்டோபர் 2

வெனிங் கண்ணே,

சேமமா? நான் சேமம். நீ வேண்டாம் என்றதும் லீவு போடுவதை விட்டுவிட்டேன். நல்லதாகப் போயிற்று, இங்கே தலைக்கு மேல் வேலை.

அந்தக் கறுப்புக் கடல் நான் வரைந்ததுதான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான கடினமான பகுதி அது. அதுவரை போயிருக்கிறாள் என்றால் மூளை இருக்கிறது என்று அர்த்தம்! பழம் ஏன் விழவில்லை என்பதுதான் புரியவில்லை. டேப்லெட் பழுதாக இருக்கலாம், டீச்சரிடம் மாற்றித் தரச் சொல்.

ஒன்று மட்டும் நினைவில் வை. இது விளையாட்டு, பரீட்சை இல்லை. அப்படித்தான் நாங்கள் செய்தோம். மாவட்டக் கல்வி அலுவலகம் எங்களிடமிருந்து அறிக்கை வாங்கிக்கொள்கிறது. அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள்.

சுகெங்கைப் பற்றி நீ எழுதவே இல்லையே? கடலில்தான் இருக்கிறாரா?

அன்புடன்,
பலுபி

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

டேப்லெட்டை மாற்றினார்கள். புதிதிலும் அதேதான். நேற்று தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அறிக்கை வந்திருக்கிறதாம். கினாசி, 'தூண்டினாலும் பதிலளிப்பதில்லை. ஊக்கப் பரிசில் நாட்டமில்லை. உதவியை ஏற்பதில்லை' என்று. இது ஒரு குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாமாம். ஜனவரியிலிருந்து ஜெபாராவில் சிறப்புப் பள்ளி, அங்கேயே விடுதி.

"சார், இவ வீட்டுல கிளி மாதிரி பேசுவா சார்" என்றேன்.

"எல்லா அம்மாவும் அதத்தான்மா சொல்றாங்க" என்றார். திட்டவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்ததும் ஹெஸ்தி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இருபத்திமூணு வயசுக்கா. நான் சொன்னா யார் கேப்பாங்க? நோட்டைக் காட்டினேன். 'எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல்தான், உங்க நோட்டு வேணாம்'னுட்டாங்க. ஒரு பருவம்தான். திரும்பச் சோதிப்பாங்க. இப்ப அனுப்பலேன்னா இதே வகுப்புல வருஷா வருஷம் உக்காரணும்" என்று அழுதார். நான் அவரைத் தேற்றினேன்.

கினாவிடம் சொல்லவில்லை. ஆனால் தெரியும் போலிருக்கிறது. இப்போதெல்லாம் பாயில் என் கைலிக் கிழிசலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யார் பேசுவார்கள் அக்கா?

அவள் தொட்டதெல்லாம் அந்த மெமரி கார்டில் பதிவாகும் என்று டீச்சர் சொன்னார். நீ ஒருமுறை திறந்து பார். என் பிள்ளைக்கு என்ன என்று நீயாவது சொல்.

வெனிங்

நவம்பர் 27

வெனிங்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டை மூடிவைத்தேன். தைரியமாக இரு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் கார்டைத் திறந்து பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. பெரியப்பா "கை கொடுக்கட்டுமா?" என்று கேட்ட ஒவ்வொரு இடத்திலும் அவள் 'வேண்டாம்' தொட்டிருக்கிறாள். பழக்கூடை நீட்டிய ஒவ்வொரு தீவிலும் 'வேண்டாம்'. தொட்டுவிட்டு உடனே நகரவும் இல்லை. அதே இடத்தில் வெகுநேரம் காத்திருந்திருக்கிறாள். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு அடுத்தது கடினமாகிறது, தனியாக மாட்டிக்கொள்கிறாள்.

பக்கத்து மேசை பிமோவிடம் காட்டினேன். "உன் அக்கா மகளா? உன்ன மாதிரியே வீம்பு" என்றான். "தங்கச்சி மகடா" என்றேன். சிரிக்கத்தான் முயன்றேன்.

மேலாளரிடமும் போனேன். "அறிக்கை போயாச்சு பலுபி. ஒரு பிள்ளைக்குத் திருத்தினா நாளைக்கு எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. அதுவும் உங்க சொந்தக்காரப் பிள்ளைக்கு?" என்றார்.

ஒன்று செய். கினாவிடம் கேள், ஏன் வேண்டாம் என்கிறாள் என்று. 'சரி'யைத் தொடச் சொல். அவ்வளவுதான். அடுத்த சோதனையில் எல்லாம் மாறிவிடும்.

பலுபி

டிசம்பர் 19

அக்கா,

இது எப்போது உன் கைக்கு வரும் என்று தெரியாது. மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. கடல் மூடிவிட்டது, படகுகள் ஓடாது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

கினா போய்விட்டாள். ஜனவரிக்கு முன் காற்று வந்துவிடும் என்று அவசரப்படுத்தினார்கள். ஹெஸ்தி டீச்சர் கூட்டிப்போனார். அடுத்த நடையில் நானும் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. படகு நிறையக் கருவாட்டு மூட்டை, ஆட்கள், ஒரு ஆடு வேறு. கினா அழவில்லை. புதுச் செருப்பு நனையக் கூடாதென்று கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மர்வான் அண்ணன் உன் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "வெனிங், இது கடைசி நடைன்னு தோணுது. அடுத்து எப்பன்னு சொல்ல முடியாது. நீயும் ஏறிக்கிறியா? ஒருத்தருக்கு இடம் இருக்கு."

நான் சொன்னேன்: "வேணாம் அண்ணே, உங்களுக்குச் சிரமம்."

ஏன் சொன்னேன்? யோசிக்கவே இல்லை அக்கா. வாய் தானாகச் சொன்னது. கால் ஏற்கெனவே ஒரு எட்டு முன்னே வைத்துவிட்டது, பார்த்தாயா, அவர் மறுபடி கேட்பார் என்று. கேட்டதும் இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறலாம் என்று. எப்போதும் கேட்பார். அவர் வீட்டில் ஒரு வாழைப்பழத்துக்கு மூன்று முறை கேட்கிற மனுஷன். ஆனால் அலை தூக்கியது, யாரோ "அவுத்து விடுங்கப்பா!" என்று கத்தினார்கள், அவர் சுக்கானுக்கு ஓடிவிட்டார். நான் துறையில் அந்த ஒரு எட்டோடு நின்றேன்.

படகு புள்ளியான பிறகு உன் கடிதத்தைப் பிரித்தேன். 'வேண்டாம் தொட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், எதற்கு என்று தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய்.

அக்கா, எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு இன்னுமா தெரியவில்லை? பெரியவர் ஒருவர் கூடையை நீட்டுகிறார். என் பிள்ளை, நாம் வளர்த்த பிள்ளை, என்ன சொல்வாள்? சொல்லிவிட்டு எதற்குக் காத்திருப்பாள்?

அவர் சுருக்கமான மனிதர் என்றாய்.

கத்தலாம் போலிருக்கிறது. யாரிடம் கத்துவது? தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒருவேளை நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா கடல் தொறக்கட்டும்" என்றார்.

வெனிங்

ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமா? நவம்பருக்குப் பிறகு உன் கடிதமே இல்லை. காற்று என்று தெரியும், ஆனாலும் மனம் கேட்கவில்லை. அரிசி ஏற்றிக்கொண்டு அரசுக் கப்பல் ஒன்று உங்கள் பக்கம் போகும் என்றார்கள், அதில் இதைக் கொடுக்கிறேன்.

நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபாரா போய் கினாவைப் பார்த்தேன். சுத்தமான இடம், விடுதி அம்மாவும் நல்லவள். கவலைப்படாதே, பழகிவிட்டாள். அழவே இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். "சாப்பாடு வேணுமான்னு கேட்டா வேணாங்கிறா, நாங்களும் கட்டாயப்படுத்தறதில்ல" என்றாள் விடுதி அம்மா.

அவளுக்குப் பிடிக்குமே என்று தேங்காய் ரொட்டி கொண்டுபோனேன். "வேணாம் பெரியம்மா" என்றாள். சரி, வயிறு நிறைந்திருக்கும் என்று பையில் வைத்துக்கொண்டேன். "என்னோட செமாராங் வந்துடுறியா? நான் பேசிப் பாக்கறேன்" என்று கேட்டேன். உண்மையாகவே மனதாரக் கேட்டேன். "வேணாம் பெரியம்மா, உங்களுக்குச் சிரமம்" என்கிறாள், பெரிய மனுஷி மாதிரி! அங்கே அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது. கட்டாயப்படுத்த மனம் வரவில்லை.

நான் கிளம்பும்போது கேட் வரை வந்தாள். கையசைக்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நம் விளையாட்டு வரும் ஜூலையிலிருந்து கிழக்குத் தீவுப் பள்ளிகளுக்கெல்லாம் போகிறது. உன்னிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். சந்தோஷம் முழுதாக வரவில்லை.

விடுதியில் தகப்பன் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லையாம். சுகெங் எங்கே வெனிங்? அவர் எப்படி இருக்கிறார்?

பலுபி

பிப்ரவரி 16

அக்கா,

நீ நலம் என்று உன் எழுத்தே சொல்கிறது. என்னைக் கேட்காதே.

அரிசிக் கப்பல் வந்திருக்கிறது. திரும்பும்போது பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணையும் காய்ச்சல் முற்றிய ஒரு கிழவரையும் மட்டும்தான் ஏற்றுவார்களாம். மூன்று முறை அல்ல, முப்பது முறை கெஞ்சிவிட்டேன். "கடிதம் மட்டும் குடும்மா" என்கிறார்கள். மர்வான் அண்ணன் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறார். "நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்மா" என்கிறார். அவரை என்ன சொல்ல? அலை அவரையா கேட்டது?

டிசம்பரில் எழுதி வைத்ததையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்த பிறகு எழுந்து, செருப்பை மாட்டி, ஜெபாரா போ. அந்த ரொட்டியை மறுபடி வாங்கு. நீட்டு. வேண்டாம் என்பாள். நீட்டு. வேண்டாம் என்பாள். அப்போது பையில் வைத்துவிடாதே அக்கா. இன்னொரு முறை நீட்டு. என்னோடு வருகிறாயா என்றும் அப்படியே கேள். விடுதி அம்மாவிடமும் சொல்லிவிடு, என் பிள்ளை இரண்டு மாதமாகப் பசியோடு மரியாதையாக இருக்கிறாள் என்று.

உன் படகுப் பெரியப்பாவையும் இன்னும் இரண்டு முறை கேட்கச் சொல்ல முடியுமா? முடியாது என்பார்கள், தெரியும். கிழக்குத் தீவுகளிலும் அம்மாக்கள் பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்திருப்பார்கள்.

சுகெங்கைப் பற்றி மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். மூன்றாவது முறை கேட்ட பிறகும் மழுப்புவது மரியாதையில்லை. போன வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முன்பே அவர் வரவு நின்றுவிட்டது. பாலி பக்கம் துறைமுகத்தில் வேறு வீடு, வேறு பிள்ளை. கினாவுக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. இப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், கதவு ஆடினால் எழுந்து பார்க்கிறேன்.

வரட்டுமா என்று மட்டும் ஒரே ஒரு முறைதான் கேட்டாய், அக்கா.

வெனிங்